பாலை வீடும் நெய்தல் வீடும்

பாலைவனம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல், தகிக்கும் வெயில், அசைந்து செல்லும் ஒட்டகம் இவைதாமே? அத்தகைய இடத்தில் மனிதர் வீடு கட்டிக் குடியிருப்பதே பெரும்பாடு என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் கட்டடக் கலை அறிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மின்சாரத்தின் துணை அதிகமின்றிக் குளிர்ந்திருக்கும் ஒரு வீட்டை ராஜஸ்தான் பாலைவனத்தில் கட்டிவிடலாம்; சென்னை ஆழ்வார்பேட்டையில் கட்டுவதுதான் கடினம் என்பார்கள்!

விந்தையாக இருக்கிறதல்லவா? 2016 மே 19 அன்று ராஜஸ்தானில் உள்ள பலோடி என்னும் ஊரில் வெப்பநிலை 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சென்னையிலோ 2003 மே மாதத்தில் பதிவான 45 டிகிரிதான் உச்சம். வெப்பமானியை மட்டும் பார்த்தால் பாலைவனமே கொடியது. அப்படியிருக்க, அங்கே வீட்டைக் குளிர்விப்பது எப்படி எளிதாகும்?

இதற்கு விடை தெரிந்தால், நம் ஊரில் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. ஏப்ரல் மாதத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சூரியன் மறைந்து நான்கு மணி நேரம் ஆன பின்னும் மின்விசிறி அனல் காற்றையே வீசும். வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவர்கள் உறக்கமின்றித் தவிப்பார்கள். பகல் வெப்பத்தில் களைத்த உடல் இரவிலாவது ஆறாவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

வெப்பத்துக்கு மூன்று வாசல்

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்னும் மூன்று வழிகளில் பரவும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். வீட்டுக்குள் அது நுழைவதும் இம்மூன்று வாசல்கள் வழியாகவே. கூரையும் சுவரும் வெயிலில் காய்ந்து, அவற்றின் ஊடே வெப்பம் உட்புறம் வருவது கடத்தல். சன்னல் வழியே அனல் காற்று உள்ளே வருவது சலனம். கண்ணாடி வழியே வெயில் நேராகத் தரையில் விழுவதும், காய்ந்த கூரையின் அடிப்பக்கம் நம் தலையின் மீது வெப்பத்தை உமிழ்வதும் கதிர்வீச்சு.

நம் உடலையும் மறந்துவிடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு பழைய குண்டு பல்பு வெளியிடும் அளவு இது! இந்த வெப்பம் உடலைவிட்டு நீங்கினால்தான் நாம் சுகமாக இருக்க முடியும். சுற்றியுள்ள காற்று, சுவர், கூரை ஆகியவை தோலைவிடக் குளிர்ந்திருந்தால் அது தானாகவே நீங்கிவிடும். இல்லையேல் வியர்வை ஒன்றே வழி. வியர்வை ஆவியாக வேண்டுமானால் காற்று உலர்ந்ததாக இருக்க வேண்டும், அல்லது வேகமாக வீச வேண்டும்.

ஆகவே வீடு கட்டுபவர் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்று. உள்ளே வந்துவிட்டதையும், நம் உடலில் பிறப்பதையும் வெளியே அனுப்புவது மற்றொன்று. இவ்விரண்டையும் பாலைவன மக்கள் எப்படிச் செய்தார்கள் என்று முதலில் பார்ப்போம்.

ஜெய்சால்மர் கற்றுத்தரும் பாடம்

தார்ப் பாலைவனத்தின் நடுவே, 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய நகரம் ஜெய்சால்மர். மஞ்சள் நிற மணற்கல்லால் ஆன அதன் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். அங்கே தெருக்கள் மிகவும் குறுகலானவை. வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. பக்கத்துச் சுவர்கள் பொதுவாகிவிடுவதால் வெயில் படும் பரப்பு குறைகிறது. குறுகிய தெருவில் ஒரு வீட்டின் நிழல் எதிர் வீட்டின் மீது விழுகிறது. முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மாடங்களும், நுணுக்கமாகத் துளையிட்ட கல் சாளரங்களும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. அவை சுவருக்கு நிழல் தருகின்றன. வெயிலை வடிகட்டிக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமானது சுவரின் கனம். கல்லும் மண்ணும் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே கடத்தும். 45 செ.மீ. கனமுள்ள ஒரு கல் சுவரின் வெளிப்புறத்தில் பிற்பகல் 2 மணிக்கு உச்ச வெப்பம் இருந்தால், அந்த வெப்ப அலை உட்புறத்தை அடைய ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். அதாவது நள்ளிரவில்தான் வந்து சேரும். வரும்போது அதன் வேகமும் தணிந்திருக்கும். இதை வெப்பத் தாமதம் எனலாம்.

நள்ளிரவில் வந்தால் மட்டும் துன்பம் இல்லையா என்று கேட்கலாம். இங்குதான் பாலைவனத்தின் இயல்பு உதவிக்கு வருகிறது. மே மாதத்தில் ஜெய்சால்மர் பகுதியில் பகல் உச்சம் ஏறத்தாழ 42 டிகிரி. விடியற்காலைக் குறைவெப்பம் ஏறத்தாழ 26 டிகிரி. வித்தியாசம் 16 டிகிரி! அங்கே காற்றில் ஈரம் மிகக் குறைவு, மேகமும் அரிது. எனவே இரவானதும் நிலமும் கூரையும் தம் வெப்பத்தைத் தடையின்றி வானத்துக்கு உமிழ்ந்து ஆறிவிடுகின்றன. மக்கள் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு மாடியில் உறங்குகிறார்கள். இரவு முழுவதும் குளிர்ந்த காற்று சுவர்களைத் தழுவி அவற்றில் குளிர்ச்சியைச் சேமித்து வைக்கிறது. காலையில் சன்னல்களைச் சாத்திவிட்டால் பகல் முழுவதும் அந்தச் சேமிப்பைச் செலவழிக்கலாம். கனமான சுவர் ஒரு குளிர்ச்சி வங்கி போன்றது.

எகிப்து நாட்டின் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி, 1940களில் மண் செங்கற்களைக் கொண்டே புதிய கூர்னா என்னும் கிராமத்தை உருவாக்கியவர். 1960களில் கெய்ரோவில் நடந்த ஒரு சோதனையில், 50 செ.மீ. கனமுள்ள மண் சுவர் அறையையும், 10 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் அறையையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். மண் அறைக்குள் நாள் முழுவதும் வெப்பநிலை 21 முதல் 23 டிகிரிக்குள் நின்றது. கான்கிரீட் அறைக்குள் அது 36 டிகிரி வரை ஏறியது. அப்போது வெளிக்காற்றின் வெப்பநிலைகூட அந்த அளவு இல்லை! அறை ஓர் அடுப்பாகவே மாறிவிட்டது.

நீர் செய்யும் உதவி

பாலைவன வீட்டின் இரண்டாவது துணை நீர். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். இதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வது இதனால்தான். ஈரான் நாட்டின் யாஸ்த் நகரில் வீடுகளின் உச்சியில் உயரமான காற்றுக் கோபுரங்களைக் காணலாம். மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கி, சில வீடுகளில் நீர்த்தொட்டியின் மீது தவழவிட்டு, அறைக்குள் அனுப்பும் அமைப்பு அது. அபுதாபி அருகே 2008இல் தொடங்கப்பட்ட மஸ்தார் நகரத்திலும் இத்தகைய ஒரு கோபுரம் எழுப்பப்பட்டது.

நீர் எந்த அளவு குளிர்விக்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவே அந்த எல்லை. இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். காற்று 40 டிகிரியில், 20 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால் ஈரக்குமிழ் ஏறத்தாழ 23 டிகிரி காட்டும். 17 டிகிரி வரை குளிர்விக்க வாய்ப்பு இருக்கிறது! காற்று 35 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தாலோ ஈரக்குமிழ் 28 டிகிரிக்கு மேல் நின்றுவிடும். வாய்ப்பு 7 டிகிரிகூட இல்லை. அவ்வளவு குளிர்வித்தாலும் அந்தக் காற்று ஈரத்தால் நிரம்பியிருக்கும், வியர்வை உலராது, புழுக்கமே மிஞ்சும். ஜெய்ப்பூரில் சிறப்பாக வேலை செய்யும் ஏர் கூலர், சென்னையில் பல நாட்களில் ஏமாற்றிவிடுவதன் காரணம் இதுவே.

நெய்தல் நிலத்தில் நிலைமை வேறு

நம் முன்னோர் நிலத்தை ஐந்து திணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுபொழுதையும் வகுத்தனர். பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு, அதாவது சூரியன் சாயும் வேளை. இது இலக்கிய மரபு. ஆயினும் இயற்கையைக் கூர்ந்து நோக்கியவர்கள் வகுத்தது என்பதில் ஐயமில்லை. பாலையின் கொடுமை நண்பகலில். கடற்கரையின் இன்பம் பொழுது சாயும்போது வீசும் காற்றில்.

ஆழ்வார்பேட்டை கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பகுதி. நெய்தல் நிலம் என்றே கொள்ளலாம். இங்கே மே மாதத்தில் பகல் உச்சம் ஏறத்தாழ 37 டிகிரி. இரவுக் குறைவெப்பம் ஏறத்தாழ 28 டிகிரி. வித்தியாசம் 10 டிகிரிக்குள்தான். காற்றில் உள்ள நீராவி ஒரு போர்வைபோல் நின்று, நிலம் உமிழும் வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரவில் சேமிப்பதற்குக் குளிர்ச்சியே கிடைப்பதில்லை. குளிர்ச்சி வங்கியில் போடுவதற்குப் பணமில்லாதபோது வங்கி எதற்கு? வெயிலில் காய்ந்த கனமான சுவர் இங்கே வெப்ப வங்கியாக மாறி, நாம் உறங்கப்போகும் நேரத்தில் வட்டியோடு திருப்பித் தருகிறது.

எனவே பாலைவன வீட்டை அப்படியே பெயர்த்துவந்து ஆழ்வார்பேட்டையில் வைத்தால் பயன் இல்லை. சிறிய சன்னல், மூடிய பகல், ஈரக்காற்று ஆகிய மூன்றும் இங்கே புழுக்கத்தைத்தான் தரும். ஆனால் அங்கிருந்து ஒரு பாடத்தை மாற்றமின்றி எடுத்துக்கொள்ளலாம். அது நிழல். வெயிலைச் சுவரில் படும் முன்பே தடுத்துவிட வேண்டும் என்ற விதி பாலைக்கும் பொருந்தும், நெய்தலுக்கும் பொருந்தும்.

தலைக்கு மேலே இருக்கும் பகைவன்

சென்னையில் உச்சி வெயிலின் முழு வலிமையையும் தாங்குவது கூரை. தெளிந்த நாளில் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறையின் கூரை மீது 12 கிலோவாட்! வெறும் கான்கிரீட் தளம் இதில் ஏறத்தாழ 70 சதவீதத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதாவது 8 கிலோவாட்டுக்கு மேல். தளத்துக்குப் பளிச்சென்ற வெள்ளைப் பூச்சு இருந்தால் 80 சதவீதம் திருப்பி அனுப்பப்பட்டு, சுமார் 2.4 கிலோவாட் மட்டுமே உறிஞ்சப்படும். உறிஞ்சியது எல்லாம் உள்ளே வந்துவிடுவதில்லை. பெரும்பகுதி வெளிக்காற்றுக்கே போய்விடும். ஆயினும் ஒரு டின் வெள்ளைப் பூச்சு எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது பாருங்கள்! வெள்ளைப் பூச்சில் அழுக்குப் படிந்தால் பயன் குறையும். ஆண்டுக்கொரு முறை கழுவியோ மீண்டும் பூசியோ காக்க வேண்டும்.

சென்னையின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்ற கூரை இருந்தது. தேக்கு விட்டங்களின் மீது சிறிய, மெல்லிய செங்கற்களைச் சாய்கோணத்தில் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து பல நாட்கள் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். அதற்கும் மேலே தட்டோடு பதிப்பார்கள். இந்தக் கூரை வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விட்டது. உயரமான கூரை என்பதால் அதன் கதிர்வீச்சும் தலைக்கு அருகில் இல்லை.

இன்றைய கான்கிரீட் தளத்தின் கனம் 12 செ.மீ. அளவே. பிற்பகல் 2 மணியின் வெப்பம் மூன்று நான்கு மணி நேரத்தில் உட்புறத்தை எட்டிவிடும். மாலை 6 மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் நன்றாகக் காய்ந்திருக்கும். அது ஆறுவதற்கு இரவு நெடுநேரம் ஆகும். இப்போது உங்கள் மின்விசிறி இரவு 10 மணிக்கு ஏன் அனலை வீசுகிறது என்று புரிகிறதா? அது கூரையை ஒட்டிய சூடான காற்றைத்தான் கீழே தள்ளுகிறது.

இதற்கு மாற்று, கூரையின் மேற்புறத்தில் வெப்பம் கடத்தாப் பொருளைப் பரப்புவது. நகர முடியாமல் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். தெர்மாகோலில் இருப்பது பெரும்பாலும் அத்தகைய காற்றே. 5 செ.மீ. தெர்மாகோல் தடுக்கும் அளவு வெப்பத்தைத் தடுக்கக் கான்கிரீட்டால் செய்த தளம் 2 மீட்டருக்கும் அதிகமான கனத்தோடு இருக்க வேண்டும்!

இந்த உண்மைக்குச் சென்னையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. மெரினா கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடத்தை 1842இல் கட்டியவர் அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர். எதற்குத் தெரியுமா? அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டி எடுத்த பனிக்கட்டியைச் சேமித்து விற்பதற்கு! மாதக்கணக்கில் கப்பலில், வெப்ப மண்டலக் கடல் வழியே அந்தப் பனிக்கட்டி வந்தது. அதைக் காத்தது எந்த இயந்திரமும் அன்று, மரத்தூள்தான். தூளின் இடையே சிறைப்பட்ட காற்றுதான்.

சூரியன் செல்லும் பாதை

அடுத்து சுவர்களைக் கவனிப்போம். எந்தச் சுவரில் எப்போது வெயில் படும் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. ஜெய்சால்மர் கடக ரேகைக்கு வடக்கே 27 டிகிரியில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். சென்னையோ 13 டிகிரியில் இருப்பதால் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும்! ஆகவே நம் வீடுகளில் வடக்குச் சுவரும் கோடை வெயிலைக் காணும்.

இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஜூன் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 79 டிகிரி உயரத்தில் இருப்பதால், சுவரிலிருந்து 60 செ.மீ. நீளும் ஒரு சன்ஷேடு அதற்குக் கீழே 3 மீட்டர் வரை நிழல் தரும். டிசம்பர் மாதத்தில் தெற்கு வானில் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கும்போது அதே சன்ஷேடு தெற்குச் சுவரில் 80 செ.மீ. அளவுக்கு நிழல் தரும். கணக்கு எளியது: சன்ஷேடின் நீளத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்குங்கள். உங்கள் திரிகோணமிதிப் பாடம் வீடு கட்டவும் பயன்படுகிறது!

தொல்லை கொடுப்பவை கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும்தாம். மாலை 4 மணியளவில் சூரியன் ஏறத்தாழ 30 டிகிரி உயரத்தில் மேற்குச் சுவரை நேராகப் பார்க்கிறது. அப்போது 60 செ.மீ. சன்ஷேடு தரும் நிழல் வெறும் 35 செ.மீ. சன்னலின் பெரும்பகுதி வெயிலில்தான் இருக்கும். மேற்கு நோக்கிய ஒரு சதுர மீட்டர் கண்ணாடி அந்த நேரத்தில் ஏறத்தாழ 500 வாட் வெப்பத்தை உள்ளே விடலாம். இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி இருந்தால் அறைக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்ததற்குச் சமம். முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்த கட்டடங்களைப் பார்த்து வியக்கும்போது இந்தக் கணக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்டில் வெயிலை வரவேற்க அமைத்த முகப்பு அது.

அப்படியானால் மேற்குச் சுவரை என்ன செய்வது? குளியலறை, மாடிப்படி, பரண் உள்ள சரக்கறை போன்றவற்றை அந்தப் பக்கம் வைத்துவிடலாம். செங்குத்தான மூங்கில் தட்டியோ, திறந்து மூடும் மரச் சட்டங்களோ அமைக்கலாம். ஒரு வேப்ப மரமோ புங்க மரமோ நட்டால் அது எல்லாவற்றிலும் சிறந்த தட்டி. முன்பு மௌப்ரேஸ் சாலை என்று பெயர் பெற்றிருந்த இன்றைய டி.டி.கே. சாலை ஒரு காலத்தில் இருபுறமும் பெருமரங்கள் கிளை கோத்து நின்ற சாலை. மரம் நிழல் தருவதோடு, இலைகள் வழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கிறது.

சுவரின் அமைப்பிலும் ஓர் எளிய வழி உண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில், செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். நடுவே காற்றறைகள் உண்டாகின்றன. செங்கலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது, வெப்பமும் தடுக்கப்படுகிறது.

காற்றுக்கு ஒரு வழி

நிழல் தந்தாயிற்று. இனி நெய்தல் நிலத்தின் தனிச் செல்வத்தைப் பயன்படுத்த வேண்டும். அதுதான் கடற்காற்று. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடாவதால், கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று நிலத்தை நோக்கி வருகிறது. கோடையில் நண்பகலையொட்டியோ பிற்பகலிலோ கிழக்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து அது வீசத் தொடங்கும். மேற்கிலிருந்து வரும் வறண்ட மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகும். அன்றுதான் சென்னை வெப்பத்தில் துடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மேல்காற்று வீசும் சில மணி நேரம் சென்னையும் ஒரு சிறு பாலையாகிவிடுகிறது! காற்று வறண்டிருப்பதால் அப்போது சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தால் நன்றாகக் குளிரும். கடற்காற்று வந்ததும் தட்டியைச் சுருட்டிவிட்டு எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட வேண்டும். வீட்டில் இருப்பவர் காற்றின் குணம் அறிந்து நடந்தால்தான் வீடும் ஒத்துழைக்கும்.

ஒரே ஒரு சன்னலைத் திறந்து வைத்தால் காற்று வராது. வந்த காற்று வெளியேற எதிர்ப்புறம் ஒரு வழி வேண்டும். நம் பழைய வீடுகளில் வாசற்படியில் நின்று பார்த்தால் கொல்லைப்புறம் தெரியும். திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று காற்று தடையின்றி ஓடும். முற்றத்தில் சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பப் பக்கத்து அறைகளின் காற்று நகரும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று உடலில் பட்டால் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தது போன்ற உணர்வு கிடைக்கும்.

இந்திய அரசின் ஆற்றல் சிக்கனச் செயலகம் 2018இல் குடியிருப்புக் கட்டடங்களுக்காக எகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டது. அதில் ஒரு விதி நம் கதையை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. வெப்பமும் வறட்சியும் உள்ள பகுதியில் திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு, தரைப் பரப்பில் குறைந்தது 10 சதவீதம் இருந்தால் போதும். வெப்பமும் ஈரமும் உள்ள சென்னை போன்ற பகுதியில் அது குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பாலை வீடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நெய்தல் வீடு வாயைத் திறந்திருக்க வேண்டும்!

ஏ.சி. இருக்கிறதே!

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு ஏ.சி. வாங்கி மாட்டிவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். ஏ.சி. குளிர்ச்சியை உண்டாக்கும் இயந்திரம் அன்று. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டும் இயந்திரம். ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு அது மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், தெருவில் கொட்டப்படுவது நான்கு யூனிட். ஏனெனில் செலவான மின்சாரமும் வெப்பமாகவே முடிகிறது. ஆழ்வார்பேட்டையில் தனி வீடுகள் இருந்த மனைகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. நெருங்கி நிற்கும் இரண்டு கட்டடங்களின் இடையே உள்ள சந்தில் இருபது ஏ.சி.க்கள் வெப்பத்தைக் கொட்டினால், ஏ.சி. இல்லாத கீழ்வீட்டுக்காரர் எந்தச் சன்னலைத் திறப்பார்?

ஏ.சி.யே கூடாது என்பதன்று நம் கருத்து. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கடும் கோடையில் அது தேவைப்படலாம். ஆனால் நிழலும் வெள்ளைக் கூரையும் உள்ள வீட்டில் சிறிய ஏ.சி. குறைந்த நேரம் ஓடினால் போதும். வெயிலில் காயும் வீட்டில் பெரிய ஏ.சி. இரவெல்லாம் ஓடினாலும் போதாது. ஏ.சி. இயங்கத் தொடங்கும்போது வெப்பநிலை 24 டிகிரியாக அமைந்திருக்க வேண்டும் என்று 2020 முதல் நம் நாட்டில் விதி வந்ததும் இந்தச் சிக்கனத்தைக் கருதியே.

அளவெடுத்துத் தைத்த சட்டை

கடையில் வாங்கும் ஆயத்தச் சட்டை எல்லாருக்கும் ஓரளவு பொருந்தும். ஒருவருக்கும் முழுமையாகப் பொருந்தாது. வீடும் அப்படித்தான். வேறு ஊரில் நன்றாக இருந்த வரைபடத்தை நம் மனையில் அப்படியே போட்டுக் கட்டினால், சில தவறுகளுக்கு ஐம்பது ஆண்டுகள் மின்கட்டணமாக அபராதம் கட்ட நேரிடும். மனை எந்தத் திசையைப் பார்க்கிறது, பக்கத்து வீடு எவ்வளவு உயரம், கடற்காற்று எந்தச் சந்து வழியே வருகிறது, எந்த மரத்தை வெட்டாமல் விடலாம் என்று அளவெடுத்த பிறகே வரைபடம் போட வேண்டும். கட்டி முடித்த வீட்டிலும் செய்யக்கூடியவை உண்டு. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறத் தட்டி, அடைத்து வைத்த எதிர்ச்சன்னலைத் திறப்பது ஆகிய மூன்றுக்கும் பெரும் செலவு இல்லை. தட்டி சன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட பிறகே தடுக்கப்படும். வெப்பம் அறையிலேயே தங்கிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வெளிப்புறம் வெள்ளையும், மற்றொன்றில் கறுப்பும் பூசுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியைச் செருகி மூடி, வெயிலில் அருகருகே வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து வரைபடம் வரையுங்கள்.

2. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, மற்றொன்றை உலர்ந்தபடி விட்டு, இரண்டையும் நிழலில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். மேல்காற்று வீசும் முற்பகலிலும், கடற்காற்று வந்த பிறகும் இரண்டின் வித்தியாசத்தைக் குறியுங்கள். ஏர் கூலர் எப்போது உதவும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

3. உங்கள் வீட்டின் மேற்குச் சுவரை உட்புறத்தில் ஒரே இடத்தில், பிற்பகல் 2 மணி முதல் இரவு 11 மணி வரை மணிக்கொரு முறை தொட்டுப் பாருங்கள். வெப்பம் எப்போது உச்சத்தை அடைகிறது? 23 செ.மீ. செங்கல் சுவரானால் வெப்பத் தாமதம் ஏறத்தாழ 7 மணி நேரம் இருக்கும்.

4. சென்னையில் இருப்பவர்கள் ஏப்ரல் 24ஐ ஒட்டிய நாட்களில் பகல் 12 மணி 7 நிமிடம் அளவில் திறந்த வெளியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். அதன் நிழல் அடியிலேயே மறைந்துவிடும். அந்த நிமிடத்தில் உங்கள் வீட்டில் வெயில் முழு வேகத்தோடு விழும் இடம் கூரை ஒன்றே. வீட்டைக் குளிர்விக்கும் வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?